பிளாட்பாரம் காலி, வண்டி மட்டும் வெளியே: குற்றம் சிக்னல் மீதா, தண்டவாளம் மீதா?

கரும்புகை:
பெரிய நிலையங்களுக்குள் நுழைய அனுமதி தரும் ஹோம் சிக்னலில் வண்டி நின்றாலே "சிக்னல் பழசு, மாத்துங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிக்கல் இருப்பது நிலையத்தின் வாயிலில், வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயிண்டுகளில். 600 மீட்டர் நீள வண்டி, மணிக்கு 30 கி.மீ. மட்டுமே அனுமதிக்கும் பாயிண்டில் ஊர்ந்தால், எஞ்சின் ஏறியதிலிருந்து கடைசிப் பெட்டி இறங்கும்வரை 72 நொடி. 15 கி.மீ. பாயிண்ட் என்றால் 144 நொடி. அதுவரை அந்த இடத்தைக் குறுக்கே கடக்க வேண்டிய வண்டிகள் எல்லாம் காத்திருக்கத்தான் வேண்டும். விளக்கை மாற்றி என்ன பயன்?

பச்சைக்கொடி:
விளக்கை யார் சொன்னார்கள்? நான் சொல்வது அதன் பின்னால் இருக்கும் இன்டர்லாக்கிங்கை; அதாவது, மோதக்கூடிய இரண்டு வழிகள் சேர்ந்து திறக்காதபடி சிக்னலையும் பாயிண்டையும் பூட்டிவைக்கும் அமைப்பை. பழைய அமைப்பில் ஒரு வண்டிக்கு ரூட் போட்டால், அது முழுசாக உள்ளே வந்து சேரும்வரை மொத்த ரூட்டும் பூட்டியே கிடக்கும். புதியவற்றில் வண்டி ஒவ்வொரு துண்டாகக் கடக்கக் கடக்க, பின்னால் உள்ள பாயிண்டுகள் விடுபடும். உங்கள் கடைசிப் பெட்டி முதல் பாயிண்டைத் தாண்டியதும் அடுத்த வண்டிக்கு வழி போட ஆரம்பிக்கலாம். தண்டவாளத்தை ஓர் அங்குலம்கூட நகர்த்த வேண்டாம்.

கரும்புகை:
சரி, கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் எதிர்ப்பாதையைக் குறுக்கே வெட்டும் வண்டி வெட்டத்தானே செய்யும்? அங்கே மேம்பாலமோ கீழ்ப்பாலமோ கட்டாமல் எந்தக் கணினியாலும் இரண்டு வண்டியை ஒரே இடத்தில் விட முடியாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நிலையத்தைப் பாருங்கள். 2016-ல் முடிந்த வேலையில் சுமார் 180 பாயிண்டுகளை ஏறக்குறைய 60 ஆகக் குறைத்தார்கள். ஒவ்வொரு தடமும் தன் பாட்டுக்கு நேராகப் போகும், வேகமும் கூடியது.

லூப்லைன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேரும் ஓவர்லேப்பை விட்டுவிட்டீர்கள். ஒற்றைப் பாதையில், எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் கிராசிங் நிலையம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி, இரண்டு லைனும் காலி. ஆனாலும் ஒரு வண்டியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் இன்னொன்றை எடுப்பார்கள். காரணம், உள்ளே வரும் வண்டி, புறப்படும் முனையில் இருக்கும் ஸ்டார்ட்டர் சிக்னலில் நிற்காமல் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்காக, அதற்கு அப்பாலும் ஒரு தூரத்தைக் காலியாக வைக்க வேண்டும். அதுதான் ஓவர்லேப். அந்த இடம்தான் எதிர் வண்டி உள்ளே நுழையும் வழி! லூப்பின் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மீண்டும் சேரும் பக்கத் தடம்) முனையில் மணல் மேட்டோடு ஒரு குட்டி முட்டுப்பாதை போட்டால், சறுக்கும் வண்டி அதில் போய்ப் புதையும். அப்புறம் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். இது சிக்னல் விதியா, தண்டவாள வேலையா? நீங்களே சொல்லுங்கள்.

பச்சைக்கொடி:
விதி போட்ட முடிச்சு, தண்டவாளம் அவிழ்க்கிறது. அதுவரை சரி. உட்ரெக்ட் விஷயத்தில் கரும்புகை சாருக்கு ஒரு கேள்வி. பாயிண்டுகளைப் பிடுங்கிய பிறகு ஒரு தடத்தில் எஞ்சின் செத்துப்போனால் பின்னால் வருகிற வண்டியை எங்கே திருப்புவது? நல்ல நாளில் எல்லாமே அழகாக ஓடும். கெட்ட நாளில், பக்கத்துத் தடத்துக்கு மாற்றிவிடும் கிராஸ்ஓவர்தான் கை கொடுக்கும்.

கரும்புகை:
ஒரேயடியாகப் பிடுங்கச் சொல்லவில்லை. நிலையத்தின் இரு முனையிலும் அவசரத்துக்கு ஒன்றிரண்டு இருக்கட்டும். வருஷத்தில் ஒரு நாள் வரும் கோளாறுக்காகத் தினமும் ஐம்பது பாயிண்டுகள் மேல் ஊர்ந்து போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பாயிண்டு அதிகமானால் கோளாறாகும் மோட்டாரும் அதிகம், அதையும் கணக்கில் எடுங்கள்.