இருகைப்பிடி என்றால் எத்தனை பிடி?

மயூர் விகாரிலிருந்து:

தில்லித் தமிழன்பர்களுக்கு வணக்கம். பதின்பருவத்தினருக்கான மாயக்கதை நாவல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். கேடயம் உடைந்ததும் கதைத்தலைவன், அதுவரை ஒரு கையால் வீசிய வாளை இரு கைகளாலும் பற்றுகிறான். 'இருகைப்பிடி' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர், "வாளுக்கு இரண்டு கைப்பிடியா? அது என்ன அண்டாவா?" என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். 'இரட்டைக்கை வாள்' என்றாலோ கைக்கொரு வாள் ஏந்தியவன் நினைவுக்கு வருகிறான். தக்க சொல் தாருங்கள்.

ஆர்.கே.புரத்திலிருந்து:

நீங்கள் இருகை + பிடி என்று புணர்த்தீர்கள். அவர் இரு + கைப்பிடி என்று பிரித்தார். இரண்டும் இலக்கணப்படி சரி என்பதுதான் தொல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் வரும் ஆடல் முத்திரைகளில் பிண்டி ஒற்றைக்கை, பிணையல் இரட்டைக்கை. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் முன்னதை இணையா வினைக்கை என்று 33, பின்னதை இணைக்கை என்று 15 என எண்ணியே காட்டுகிறார். ஆடற்கலையின் சொல்லை வாட்கலை கடன் வாங்குவதில் இழுக்கில்லை. பிண்டிப்பிடி, பிணையற்பிடி என்க. (பிடி பெண்யானையன்றோ என்று கேட்பவர்கள் களிற்றைத் தேடிப் போகட்டும்.)

கரோல் பாகிலிருந்து:

ஐயா, தில்லியில் வளரும் பிள்ளையிடம் பிண்டி என்றால் வெண்டைக்காய்தான் நினைவுக்கு வரும். பிணையலும் பொருந்தவில்லை, ஆடலில் இரு கைகளும் கூடி ஒரு பொருளைக் காட்டுகின்றன, வாளிலோ இரண்டுக்கும் வெவ்வேறு வேலை. முன்கை அச்சாக நிற்க, பின்கை பிடியின் அடிக்குமிழைத் தள்ளியும் இழுத்தும் அலகைத் திருப்புகிறது. கதைகளில் மலைபோல் கனக்கும் ஐரோப்பிய நீள்வாள் உண்மையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான். ஆகவே இரண்டாம் கை சுமைக்காக வருவதன்று, விரைவுக்காக வருவது. ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துப் படைக்கல அரங்கில் இதற்காகவே நின்று பார்த்தேன். தல்வார் என்னும் வளைந்த இந்திய வாளின் பிடியில் ஒரு கை அடங்குவதே நெருக்கம். அதன் அடியில் வட்டத் தட்டு வேறு இருப்பதால் மற்றக் கைக்கு இடமே இல்லை. காண்டா என்னும் நேரான இந்திய வாளிலோ அந்த இடத்திலிருந்து ஒரு முள் நீள்கிறது. ஓங்கி வெட்டும்போது மற்றக் கை அதைப் பற்றிக்கொள்ளலாம். எனவே வாளின் வகை வேறு, பிடிக்கும் முறை வேறு. முறைக்குப் பெயர்ச்சொல்லே எதற்கு? 'இரு கையாலும் பற்றினான்' என்னும் வினை போதும்.

மயூர் விகாரிலிருந்து:

கதைக்குப் போதும்; நூலின் பின்னுள்ள அருஞ்சொல் பட்டியலுக்குப் போதாது. அங்கே இரு விதமாகவும் பிடிக்கத்தக்க 'ஒன்றரைக்கை வாள்' வேறு இருக்கிறது. அதைப் படிக்கும்போதே 'ஒன்றரைக்கண்' என்னும் ஏளனம் காதில் விழுகிறது. தங்கள் வினையிலிருந்தே 'ஒருகைப் பற்று', 'இருகைப் பற்று' என்று இடைவெளி விட்டு எழுதலாமா?

கரோல் பாகிலிருந்து:

எழுதலாம். வாய்விட்டுப் படித்தால் அந்த இடைவெளி காணாமல் போய், கோட்டையைக் கைப்பற்றியது போலாகும். ஆயினும் வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது.

ஆர்.கே.புரத்திலிருந்து:

பற்று என்றால் வங்கிக் கணக்கு நினைவுக்கு வராதா? பெரும்பான்மையைத் தடுக்கவில்லை. நூல் வந்ததும் என் படியில் மட்டும் பென்சிலால் பிணையல் என்று திருத்திக்கொள்கிறேன்.