மறு: பிளேட்மார்க் – தகட்டுக்குறியா, தகட்டுத்தடமா?

> நீர்க்குறி ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. தகட்டுக்குறி என்றால் ஜோடியாக அமைந்துவிடும்.

ஐயா, வணக்கம்.

செப்புத்தகட்டில் அச்சிட்ட படத்தைச் சுற்றித் தாளில் விழும் தகட்டு விளிம்பின் பதிவுதான் ‘பிளேட்மார்க்’. அதற்குத் தமிழில் தகட்டுக்குறி என்கிறீர்கள், நான் தகட்டுத்தடம் என்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த ஜோடிதான் எனக்கு உறுத்துகிறது. நீர்க்குறி (வாட்டர்மார்க்), தாள் செய்தவர் வேண்டுமென்றே வைத்த அடையாளம். பிளேட்மார்க்கை யாரும் வைப்பதில்லை. மை தடவித் துடைத்த செப்புத்தகட்டின் மேல் ஈரத்தாளைப் போட்டு உருளைக்கு இடையில் அழுத்தி எடுக்கும்போது, தகட்டின் விளிம்பு தானாகத் தாளில் இறங்கிவிடுகிறது. குறி என்றால் யாராவது குறித்திருக்க வேண்டாமா?

என்னிடம் ஜெர்மன் ஓவியர் ரீடிங்கர் செப்புத்தகட்டில் செதுக்கிய மான் படம் ஒன்று உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், படம் உள்ள பகுதி நூலிழை அளவு தாழ்ந்திருப்பது தெரியும். தாளைத் திருப்பி விரலை ஓட்டினால் அதே விளிம்பு மேடாகத் தட்டுப்படும்.

யோகான் எலியாஸ் ரீடிங்கர் (1698–1767), உல்மில் பிறந்து ஆக்ஸ்பர்க்கில் பட்டறை வைத்து, விலங்கும் வேட்டையுமாக ஆயிரத்துக்கு மேல் படங்கள் போட்டவர். 1740-இல் வந்த ஒரு வரிசையில் வேட்டை விலங்குகளோடு அவற்றின் காலடித் தடங்களையும் சேர்த்தே செதுக்கியிருக்கிறார். தடம் என்ற சொல் எனக்குத் தோன்றியது அங்கேதான். மிருகம் போய்விடும், தடம் கிடக்கும். செப்புத்தகட்டுக்கும் அதே கதைதான்.

இதே இழையில் அக்கா சொன்ன ‘தகட்டு வடு’ கேட்க அழகு. ஆனால் விலைப்பட்டியலில் ‘வடு உள்ளது’ என்று போட்டால் படம் சேதமாகிவிட்டது என்று வாங்குபவர் ஓடிவிடுவார்.

சொல்லைப் புழங்கிப் பார்ப்போம். ‘தடத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை ஓரம்’, ‘தடம்வரை வெட்டியது’, ‘தடத்துக்குள் வெட்டியது’. மூன்றும் வாயில் உருள்கின்றன. ‘தகட்டுக்குறிக்குள்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்!

இந்த மூன்றாவதால் நான் பட்டிருக்கிறேன். முழு ஓரத்தோடு இருக்கிறது என்று சொல்லி ஒருவர் விற்ற வேட்டைநாய்ப் படம், சட்டத்தில் அடங்குவதற்காகத் தடத்துக்குள் வெட்டப்பட்டு வந்து சேர்ந்தது. வரைந்தவர், செதுக்கியவர், வெளியிட்டவர் பெயர் சொல்லும் கீழ்வரியில் பாதி காணோம்.

ஒன்று மட்டும் இந்தச் சொல்லுக்கான விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும்: தடம் இருப்பதாலேயே அது பழைய அச்சுப்படி ஆகிவிடாது. ரீடிங்கர் இறந்த பிறகும் அவர் தகடுகளிலிருந்து படி எடுத்தார்கள். அவற்றிலும் தடம் உண்டு. கோடுகள் தேய்ந்து மானின் மயிர் மங்கியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். (‘இம்ப்ரெஷன்’ என்பதற்குப் படி. கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் மைப்படியில் வரும் அதே படி. இதில் யாருக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன்.)

அப்புறம் ‘ஸ்டேட்’. ஒரே தகட்டில் பின்னால் எண்ணோ எழுத்தோ சேர்த்து மறுபடி அச்சிடுவது. அதை ‘நிலை’ என்று பெயர்த்து ‘இரண்டாம் நிலை’ என்றால் தாள் கொஞ்சம் பழுது என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா.