மறுமொழி: முள்ளெலித் தரிசா, கடற்பாலையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பாடத்தை நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். கடல் முள்ளெலிகள் (முள் போர்த்த உருண்டைக் கடலுயிர்கள்) கெல்ப் எனும் பெரும்பாசிக் காட்டை மேய்ந்து மொட்டையாக்கிய பாறைப்பரப்பை 'முள்ளெலித் தரிசு' என்பதா, 'கடற்பாலை' என்பதா? ஒரு வாரமாகப் பேசியும் இந்த ஒரு சொல் மட்டும் தீரவில்லை. நேற்று வந்த மடல்களுக்குச் சேர்த்தே எழுதுகிறேன்.

> தரிசு என்றால் உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் புரியும். 'முள்ளெலித் தரிசு' போதும். திணையைக் கடலுக்குள் இறக்க வேண்டாம்.

ஐயா, அது தப்பாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் கவலை. தரிசு என்பது உழாமல் போட்ட நிலம். மழை பெய்தால் அருகும் எருக்கும் தானே முளைக்கும். பாடத்தில் வருவது டாஸ்மேனியாவின் கிழக்குக் கரை. நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து நீள்முள் கடல் முள்ளெலி, கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டத்தோடு அங்கே வந்து சேர்ந்தது. அதன் இளவுயிரி வளரக் குளிர்காலத்திலும் நீர் 12 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டும். கடல் சூடேறியதில் அதற்கு வழி பிறந்தது. அது மேய்ந்த பாறையில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசிதான் மிஞ்சும். கெல்ப் துளிர் ஒன்று தலைகாட்டினால் உடனே சுரண்டித் தின்றுவிடும். கெல்ப் தீர்ந்த பிறகும் பாறையில் படியும் மெல்லிய பாசியைத் தின்றே பிழைத்துக் கிடக்கும். இந்த இடத்தைச் சும்மா விட்டால் எதுவும் முளைக்காது. பெரிய கல் இறால் வர வேண்டும். முதுகோடு 14 செ.மீ. அளவாவது வளர்ந்த இறாலுக்கே பெரிய முள்ளெலியைப் பிடித்து உடைக்க முடியும். அந்த அளவு இறாலைத்தான் அங்கே பிடித்துத் தீர்த்திருந்தார்கள்.

> கடலுக்கு உரிய திணை நெய்தல். முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்றார் இளங்கோவடிகள். நெய்தல் திரியும் என்று எங்கே சொன்னார்?

சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து' என்ற அடியை இன்னொரு முறை படியுங்கள். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, வெயிலில் காய்ந்த காடே பாலை. கெல்ப் காடும் அப்படித்தானே திரிகிறது? திரிந்தது மீளவும் கூடும். நியூசிலாந்தின் லீ கரையில் 1975இல் கடற்காப்பகம் அறிவித்தார்கள். மீன்பிடி நின்றது, ஸ்நாப்பர் மீனும் கல் இறாலும் பெருகின, அந்த ஊர் முள்ளெலி குறைந்தது, பாசிக்காடு திரும்பி வந்தது.

> 'கடற்பாலை' என்பதைப் பிள்ளைகள் பால் என்று படிப்பார்கள்.

பாலைவனம் தெரியாத பிள்ளை உண்டா?

பாலை மரத்தால் திணைக்குப் பெயர் வந்ததா என்ற கேள்வியைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், அது நாளைக்குள் முடியாது.

அப்புறம், பிற உயிரைப் பிடித்துத் தின்னும் உயிருக்கு வைத்த 'கொன்றுண்ணி' என்ற சொல் பற்றி. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "அப்போ இறால் கெட்டதா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். 'இரைகௌவி' வாயில் நுழையவில்லை. 'வேட்டையாடி' என்று மாற்றிவிட்டேன்.

சரி, எண்ணிப் பார்த்தால் ஏழு பேர் தரிசுக்கு, நான்கு பேர் பாலைக்கு. பாடத்தில் 'முள்ளெலித் தரிசு' என்றே போடுகிறேன். படத்தின் கீழே மட்டும் 'பெரிய இறால் வராமல் இந்தத் தரிசு பசுமையாகாது' என்று ஒரு வரி சேர்க்கிறேன். சொற்பட்டியலில் என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள்.