வீவக வீட்டில் நாஸ் பெட்டி: இரண்டு வட்டா, நான்கு வட்டா?

பொங்கோல்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நான்கறை வீட்டில் நால்வர் வசிக்கிறோம். பிள்ளைகள் பிறந்தது முதலான படங்கள், காணொளிகள், என் தந்தையாரின் பழைய ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய பதிவுகள் என ஏறத்தாழ 2.5 டெராபைட் சேர்ந்து, மூன்று யூ.எஸ்.பி. வட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. அவற்றுள் ஒன்று சென்ற வாரம் முதல் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்புகிறது. ரவுட்டரில் ஒரு வட்டைச் செருகிவிட்டால் போதுமா, அல்லது வீட்டுப் பிணையத்தில் இணைத்து எல்லாரும் கோப்புகளைச் சேமிக்கும் வட்டுப் பெட்டியான நாஸ்தான் வேண்டுமா? பெட்டி என்றால் இரண்டு வட்டுகளுக்கானதா, நான்குக்கானதா? அதை வீட்டினுள் உள்ள பாதுகாப்பறையில் (போர்க்கால அடைக்கலத்துக்கான கான்கிரீட் அறை) வைக்கலாமா?

பழைய வட்டு:
பெட்டியைப் பற்றி அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்; முதலில் அந்த 'டிக் டிக்' வட்டைக் கவனியுங்கள். தந்தையாரின் குரல் அதில்தான் இருக்கிறதென்றால், இன்றிரவே அந்தக் கோப்புறையை மட்டும் வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

ரவுட்டரில் செருகிய வட்டு படம் பார்க்க உதவும், பாதுகாக்க உதவாது. உங்களுக்கு இரண்டு வட்டுப் பெட்டியே போதும். அதில் ரெய்டு 1 முறையில் இரு வட்டுகளை இட்டால், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். 4 டெராபைட் வட்டு விண்டோஸ் கணினியில் 3.6 என்றுதான் தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுவதை விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது. பிள்ளைகளின் காணொளிகள் பெருகிக்கொண்டே போகும் என்பதால், நானாக இருந்தால் நான்கு வட்டுப் பெட்டிக்குச் செலவிடும் வெள்ளியை இரண்டு 8 டெராபைட் வட்டுகளில் போடுவேன்.

வாங்குமுன் வட்டு சி.எம்.ஆர். (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத) வகைதானா என்று மாதிரி எண்ணை வைத்துப் பாருங்கள். எஸ்.எம்.ஆர். வட்டில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒன்றைத் திருத்த அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. பழுதான வட்டை மாற்றி, தரவைப் புதிய வட்டில் மீளக்கட்டும்போது அது மிக மெதுவாகிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் பெட்டிகளுக்கென விற்கும் ரெட் வரிசையிலேயே சில வட்டுகள் இவ்வகை என்பது 2020இல் தெரியவந்து பெரும் சலசலப்பாயிற்று. அதன்பின் அந்நிறுவனம் தன் சி.எம்.ஆர். வட்டுகளை ரெட் பிளஸ் என்ற பெயரில் பிரித்து விற்கத் தொடங்கியது.

தெம்பனீஸ் அக்கா:
பாதுகாப்பறை வேண்டாம் தம்பி, நான் பட்டிருக்கிறேன். அந்தத் தடித்த கான்கிரீட் சுவரைத் தாண்டி வைஃபை வராது. சுவரைத் துளைத்து வடம் கொண்டுபோகவும் அனுமதி இல்லை. கதவிடுக்கு வழியாக வடம் விட்டு ஒரு மாதம் வைத்திருந்தேன். அரிசி மூட்டைக்கும் பயணப் பெட்டிகளுக்கும் நடுவில் கதவைச் சாத்தியே வைத்ததில் வட்டின் வெப்பம் 54 டிகிரியைத் தொட்டது. தொலைக்காட்சி மேசையின் திறந்த தட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்த பின் 41ஐத் தாண்டவில்லை. படுக்கையறையும் ஆகாது, இரவில் வட்டு கரகரவென்று எழுதும் ஓசை தூங்க விடாது. ரவுட்டருடன் வடத்தால் இணைத்துவிடுங்கள். ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் வரை கிடைக்கும்.

உட்லண்ட்ஸ் இரவுப்பணி:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். ரெய்டு என்பது காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரு வட்டுகளிலும் ஒரே கணத்தில் அழியும். 2022இல் டெட்போல்ட் என்னும் பணயத் தீநிரல், இணையத்துக்குத் திறந்துவைத்திருந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. ஆகவே ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர வழிவிடும் போர்ட் எதையும் திறக்காதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வி.பி.என். என்னும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக வாருங்கள். மீந்துபோகும் நல்ல யூ.எஸ்.பி. வட்டு ஒன்றில் மாதமொரு முறை நகலெடுத்து, உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள்.

பொங்கோல்வாசி:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவே நகலெடுத்தேன், தந்தையாரின் பதிவுகளில் இரண்டு மட்டும் திறக்கவில்லை, அவற்றின் மூல நாடாக்கள் என் தங்கை வீட்டில் இருக்கின்றன. இரண்டு வட்டுப் பெட்டியே வாங்குகிறேன். மாத நகலையும் தங்கை வீட்டிலேயே வைக்கப்போகிறேன்.