குளிர்காலத்தில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகலாமா?

கேள்வி: அண்ணா, இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை விட்டால் வீடு என்று அடைந்தே கிடக்கிறேன். கூட வேலை செய்பவர் ஃப்ளை தூண்டில் (பூச்சி மாதிரி கட்டிய செயற்கை இரையை வைத்து மீன் பிடிப்பது) போட ஆற்றுக்குக் கூப்பிடுகிறார். இந்தக் குளிரில் மீன் கிடைக்குமா? ஆற்றில் இறங்கிப் பழக்கமும் இல்லை.

பதில்: போய் வாருங்கள் தம்பி. முதல் குளிர்காலம்தான் மனதை அதிகம் அமுக்கும். வெளியே போக ஒரு காரணம் இருப்பது பெரிய விஷயம். எனக்கு அந்தக் காரணமாக இருந்தது ஆறுதான்.

முதலில் உரிமம் எடுங்கள். அந்த ஆற்றில் இப்போது ட்ரவுட் பிடிக்க அனுமதி உண்டா என்றும் பாருங்கள். ஸ்காட்லாந்தில் பிரவுன் ட்ரவுட் என்ற வகைக்கு அக்டோபர் 7 முதல் மார்ச் 14 வரை தடை. வேறு சில நாடுகளில் ஆண்டு முழுக்கப் பிடிக்கலாம், ஆனால் ஆற்றுக்கு ஆறு விதி மாறும். நண்பர் சொன்னார் என்று போகாமல் நீங்களே படித்துப் பாருங்கள்.

அப்புறம் உடை. இதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் சட்டை. கால் குளிர்கிறதே என்று இரண்டு மூன்று காலுறைகளை பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். கால் இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். நான் முதல் தடவை அப்படிப் போய், ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்து, அழாத குறையாகக் கரையேறினேன்.

மார்பு வரை வரும் வேடர்ஸ் (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகா உடை) போட்டால் இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் புகுவதை அது மட்டுப்படுத்தும். சில்லென்ற தண்ணீரில் திடீரென விழுந்தால் மூச்சு தானாகவே வாங்கும், அந்த நேரம் தலை முழுகினால் ஆபத்து. அதனால் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம், கையில் ஊன்றுகோல் இருக்கட்டும். கரையோரம் படிந்த பனிக்கட்டி மேல் ஏறி நிற்காதீர்கள். காரில் ஒரு மாற்றுடை எப்போதும் இருக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

சரி, மீனுக்கு வருவோம். ட்ரவுட் குளிர் இரத்தப் பிராணி. தண்ணீர் 4 டிகிரியை நெருங்கும்போது அதன் உடல் இயக்கமே மந்தமாகிவிடும். சாப்பிடும், ஆனால் இரைக்காக ஓடாது. கோடையில் நின்ற வேகமான ஓட்டத்தை விட்டு, ஆழமான மடுக்களில், தண்ணீர் மெதுவாக நகரும் இடத்தில் அடியோடு ஒட்டிக் கிடக்கும். ஃப்ளை அதன் வாயருகே, தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து போக வேண்டும். நூலின் நுனியில் சிறிய நிம்ஃப் (தண்ணீருக்குள் வாழும் பூச்சிக்குஞ்சு மாதிரி கட்டிய ஃப்ளை), அதற்கு மேலே ஓர் ஈயக்குண்டு, இன்னும் மேலே தக்கை போன்ற இண்டிகேட்டர். பூச்சிகளில் இந்தப் பருவத்தில் அதிகம் கிடைப்பது மிட்ஜ்தான், கொசு மாதிரி இருக்கும், கடிக்காது. அதனால் தூண்டில் முள் அளவு 18 முதல் 22 வரை சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள், எண் கூடக் கூட முள் சிறிதாகும். கடியும் முரட்டுத்தனமாக இருக்காது. தக்கை லேசாகத் தயங்கினாலே கோலைத் தூக்குங்கள்.

விடியற்காலையில் எழ வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை போதும், அப்போதுதான் தண்ணீர் கொஞ்சம் சூடாகும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வெயில் அடித்துப் பனி உருகி ஆற்றில் சேர்ந்தால், காற்று சூடானாலும் தண்ணீர் இன்னும் குளிர்ந்துவிடும். சின்ன வெப்பமானி ஒன்று இருந்தால் ஏமாற மாட்டீர்கள்.

பெரிய அணைக்குக் கீழே ஓடும் ஆறு அருகில் இருந்தால் அங்கே தொடங்குங்கள். நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து வரும் தண்ணீர் கடுங்குளிரிலும் அவ்வளவாக உறையாது. அமெரிக்காவில் நவாஹோ அணைக்குக் கீழே சான் ஹுவான் ஆற்றில் குளிர்காலம் முழுக்க மீன் பிடிக்கிறார்கள். ஆனால் அணையிலிருந்து திடீரென நீர் திறப்பார்கள். நேரம் விசாரித்துவிட்டு இறங்குங்கள், சைரன் கேட்டால் உடனே கரையேறுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை போய் வந்தேன் அண்ணா. ஒன்றும் கடிக்கவில்லை. தூண்டில் கோலில் நூல் ஓடும் வளையமெல்லாம் பனி அடைத்துக்கொண்டது. ஆழம் குறைந்த சரளைக்கல் பக்கமாக நிறைய நடந்தேன், அங்கே கால் வழுக்கவில்லை.

பதில்: பனி அடைத்தால் கையால் உடைக்காதீர்கள், வளையம் கெட்டுவிடும். தூண்டில் கோலைத் தண்ணீரில் முக்கினால் கரையும்.

சரளைக்கல் விஷயம்தான் முக்கியம் தம்பி. பிரவுன் ட்ரவுட் இலையுதிர்காலத்தில் முட்டையிடும். சுற்றியிருப்பதைவிட வெளுத்து, துடைத்து வைத்தாற்போல் இருக்கும் சரளைத் திட்டுக்கடியில் குளிர்காலம் முழுக்க முட்டைகள் கிடக்கும். ஒரு மிதியில் எத்தனையோ குஞ்சுகள் போய்விடும். அந்தத் திட்டைக் கண்டால் சுற்றிப் போங்கள்.

அடுத்த முறை மீன் கிடைத்து, விடுவதாக இருந்தால், படம் எடுக்கத் தூக்காதீர்கள். உறைநிலைக் காற்றில் அதன் செவுள் சீக்கிரம் உறைந்து புண்ணாகும். முள்ளின் எதிர்க்கூரை (மீன் நழுவாமல் தடுக்கும் சின்னக் கொக்கி) முன்பே இடுக்கியால் அமுக்கி வைத்தால், கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிடலாம். மீன் தானாக வாலை அசைத்துப் போகும் வரை பிடித்திருங்கள்.