தேயிலையைக் கொட்டியவர்கள் போட்ட மோஹாக் வேஷம்: அப்போது நிஜ மோஹாக்குகள் எங்கே இருந்தார்கள்?

நெய்வேலி_கலா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம், மகள் ஐந்தாம் வகுப்பு. இந்த வருஷம் அவளுக்கு அமெரிக்காவின் ஆரம்பகால வரலாறு, கூடவே நானும் உட்கார்ந்து படிக்கிறேன். பாடத்தில் முதலில் பூர்வகுடிகள் வருகிறார்கள், வந்து குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு மக்காச்சோளம் போடக் கற்றுத் தருகிறார்கள், 1621-ல் பிளிமத்தில் சேர்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள், அத்தோடு ஆளையே காணோம். அப்புறம் நேராக முத்திரை வரி, பாஸ்டன், 1776 என்று போய்விடுகிறது. நடுவில் 150 வருஷம் என்ன நடந்தது?

1773 டிசம்பர் 16-ம் தேதி ராத்திரி பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் போட்டவர்களில் பலர் மோஹாக் என்ற பூர்வகுடி இனத்தார் போல வேஷம் போட்டு வந்தார்கள் என்று ஒரு வரி இருந்தது. "அப்போ நிஜ மோஹாக் எல்லாம் எங்கேம்மா இருந்தாங்க?" என்று மகள் கேட்டாள். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனை எதிர்த்து நடந்த அமெரிக்கப் புரட்சியில் மோஹாக்குகள் யார் பக்கம் நின்றார்கள் என்பதும் தெரிந்தால் சொல்லுங்கள்.

கல்லணை:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள் உங்கள் மகள். முதலில் நேரடியான பதில். அந்த ராத்திரி மோஹாக்குகள் பாஸ்டனிலிருந்து மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, இன்றைய நியூயார்க் மாநிலத்தில் மோஹாக் ஆற்றங்கரையில் தங்கள் ஊர்களில் இருந்தார்கள். காட்டில் ஒளிந்து வாழ்ந்தவர்கள் கிடையாது. சோள வயல், ஆடு மாடு, பலகை வீடு, சர்ச் எல்லாம் இருந்தன, பலர் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனெகா என்று ஐந்து இனங்கள் சேர்ந்து, வெள்ளையர் வருவதற்கு முன்பே ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. 1722 வாக்கில் தெற்கிலிருந்து வந்த டஸ்கரோராக்கள் ஆறாவதாகச் சேர்ந்தார்கள். வெளியார் இவர்களை இரோகுவா என்பார்கள், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஹௌடனஷோனி. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் சரியில்லை என்றால் இறக்குவதும் குலத்தாய்மார்கள் கையில் இருந்தது.

அந்த 150 வருஷத்தைப் பொறுத்தவரை, பிளிமத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். 1620-ல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் ஊர் அமைத்த இடம் வெறும் நிலம் இல்லை. பட்டுக்ஸெட் என்ற ஊர் இருந்த இடம் அது. ஐரோப்பியர் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் 1616-க்கும் 1619-க்கும் நடுவில் அந்த ஊரே செத்துப் போயிருந்தது. சோளம் போடக் கற்றுக்கொடுத்தாரே டிஸ்குவாண்டம், பாடத்தில் ஸ்குவாண்டோ என்று இருக்கும், அவர் அந்த ஊர்க்காரர். 1614-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் பிடித்துக்கொண்டு போய் ஸ்பெயினில் விற்றுவிட, அங்கிருந்து லண்டன் போய், எப்படியோ 1619-ல் திரும்பி வந்தால் சொந்தபந்தம் ஒருத்தர் இல்லை. அவர் ஆங்கிலம் பேசியதற்குக் காரணம் இதுதான். இதை எந்தப் பள்ளிப் பாடமும் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. விருந்து நடந்து 55 வருஷம் கூட ஆகவில்லை, அந்த விருந்துக்கு வந்த வம்பனோக் இனத் தலைவரின் மகன் மெட்டகாமோடு பெரிய போர் மூண்டது. 1676-ல் அவரைக் கொன்று, தலையை அதே பிளிமத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். பல வருஷம் அது அங்கேயே இருந்தது.

அடுத்தது 1763. பிரெஞ்சுக்காரர்களோடு ஏழாண்டுப் போர் முடிந்து, பிரிட்டனின் கடன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அதே வருஷம் பாண்டியாக் தலைமையில் மேற்கத்திய பழங்குடிகள் கோட்டை கோட்டையாக எழுந்தார்கள். இன்னொரு போருக்குப் பணம் இல்லாத அரசர், அப்பலாச்சிய மலைத்தொடரைக் கோடாக வைத்து, அதற்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று அறிவித்தார். அங்கே நிலத்துக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர். இந்த அறிவிப்பு பழங்குடிகளைச் சமாதானப்படுத்தத் தற்காலிக ஏற்பாடுதான் என்று 1767-லேயே தன் நிலஅளவையாளருக்குக் கடிதம் எழுதி, நல்ல இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னார். வரி வரி என்று பாடத்தில் பத்து பக்கம் இருக்கும். புரட்சிக்கு நிலமும் அதே அளவு காரணம், அதற்கு ஒரு பத்தி கூட இருக்காது.

பவானி_மணி:

கல்லணை அண்ணா, நிலமும் அதே அளவு காரணம் என்பதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. வர்ஜீனியாவுக்கு அது சரி. பாஸ்டனில் தேயிலையைக் கொட்டிய கைவினைஞர்களுக்கும் துறைமுகக் கூலிகளுக்கும் மலைக்கு மேற்கே ஒஹாயோவில் என்ன நிலம் இருந்தது? அங்கே பிரச்சினை வரியும், கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சலுகையும், தெருவில் நின்ற படையும்தான். இன்னொன்று, எல்லைப்புறத்தில் இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தியது. 1778 நவம்பரில் செர்ரி வேலியில் பிரிட்டிஷ் ஆதரவாளர்களும் இரோகுவாக்களும் சேர்ந்து தாக்கியதில் பெண்கள் குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். குழந்தைக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கல்லணை:

பாஸ்டனைப் பற்றி நீங்கள் சொல்வது சரி தம்பி. ஆனால் சுதந்திரப் பிரகடனத்தின் குற்றச்சாட்டுப் பட்டியலைக் கடைசி வரை படியுங்கள். அரசர் மேல் வைத்த கடைசிப் புகாரே, இரக்கமற்ற இந்தியக் காட்டுமிராண்டிகளை எங்கள் மேல் ஏவிவிட்டார் என்பதுதான். பதிமூன்று காலனிகளையும் ஒன்று சேர்த்த பயங்களில் அதுவும் உண்டு.

செர்ரி வேலியைச் சொல்லத்தான் வேண்டும், அதற்குப் பதிலாக வந்ததையும் சொல்ல வேண்டும். 1779 கோடையில் வாஷிங்டன் உத்தரவின்பேரில் ஜெனரல் சல்லிவன் பெரும்படையோடு செனெகா, கயூகா நாட்டுக்குள் போனார். சண்டை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆகஸ்ட் 29-ல் நியூடவுன் என்ற இடத்தில் ஒன்று, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் வேலை பயிரை அழிப்பது. அறுவடைக்கு நின்ற சோளத்தை வீடுகளுக்குள் குவித்து வீட்டோடு கொளுத்தினார்கள், பீச், ஆப்பிள் மரங்களைப் பட்டையை உரித்தோ வெட்டியோ சாய்த்தார்கள். இவ்வளவு உயரமான சோளத்தை நாங்கள் பார்த்ததே இல்லை என்று வீரர்களே நாட்குறிப்பில் ஆச்சரியப்பட்டு எழுதிவிட்டு, அதற்குத்தான் தீ வைத்தார்கள். 40 ஊர்களையும் 1,60,000 புஷல் (மரக்கால் மாதிரி ஒரு தானிய அளவை) சோளத்தையும் அழித்ததாக சல்லிவனே அறிக்கை கொடுத்தார். ஊரிழந்த ஆயிரக்கணக்கானவர்கள் பிரிட்டிஷார் வசமிருந்த நயாகராக் கோட்டையைச் சுற்றிக் குடிசை போட்டுக் கிடந்தார்கள். அந்தக் குளிர்காலமோ நியூயார்க் துறைமுகமே உறைந்துபோன குளிர்காலம். பசியிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். செனெகாக்கள் வாஷிங்டனுக்கு வைத்த பெயர் "ஊரை அழிப்பவன்". 1790-ல் செனெகாத் தலைவர் கார்ன்பிளாண்டர் இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னார்: அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் எங்கள் பெண்கள் வெளிறித் திரும்பிப் பார்க்கிறார்கள், குழந்தைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று.

மலர்விழி_தி:

கலா அக்கா, யார் பக்கம் என்று கேட்டிருந்தீர்களே. முதலில் ஆறு இனங்களும் நடுநிலை என்றுதான் சொன்னார்கள். இது அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடக்கிற சண்டை, நமக்கென்ன என்று. அது நிலைக்கவில்லை. 1777 தொடக்கத்தில் ஒனண்டாகாவில் தொற்றுநோய் வந்து தலைவர்கள் உட்படப் பலர் இறந்ததும், கூட்டமைப்பு கூடிப் பேசும் இடத்தின் அடையாளமாக அங்கே எரிந்துகொண்டிருந்த பொதுச்சபை நெருப்பை அணைத்தார்கள். பொதுமுடிவு எடுக்கவே இடமில்லாமல் போயிற்று. மோஹாக், செனெகா, கயூகா பிரிட்டன் பக்கம், ஒனண்டாகாவில் பலரும் பிறகு அதே பக்கம். ஒனைடாவும் டஸ்கரோராவும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம்.

1777 ஆகஸ்ட் 6, ஒரிஸ்கனி என்ற இடம். அமெரிக்கர் வசமிருந்த ஸ்டான்விக்ஸ் கோட்டையைப் பிரிட்டிஷ் முற்றுகையிலிருந்து மீட்க ஹெர்கிமர் என்ற அமெரிக்கத் தளபதி உள்ளூர்ப் படையோடு போகிறார், கூட ஒனைடா வீரர்கள். அவர்கள் கிளம்பிவிட்டதை மோலி பிராண்ட் என்ற மோஹாக் பெண்மணி ஆள் அனுப்பிப் பிரிட்டன் பக்கத்தாருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறார். இவர் தம்பி ஜோசப் பிராண்ட், லண்டன் போய் அரசரைப் பார்த்து வந்தவர். பிரிட்டன் பக்கத்தார் பள்ளத்தாக்கில் மறைந்திருந்து அடிக்கிறார்கள். ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட நாள் அது. சண்டை முடிந்ததும் பிரிட்டன் பக்கத்து வீரர்கள் பக்கத்திலிருந்த ஒனைடா ஊரைக் கொளுத்த, ஒனைடாக்கள் போய் மோஹாக் ஊர்களைச் சூறையாடினார்கள், மோலியின் வீடும் அதில் ஒன்று. அவர் பிள்ளைகளோடு தப்பி ஓடினார், திரும்பி அந்த வீட்டில் வாழவே இல்லை. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மனசைப் பிசைகிற இடம் இதுதான்.

கடலூர்_செந்தில்:

நம் ஊர்த் தொடர்பு ஒன்று. 1783-ல் பாரிஸில் உடன்படிக்கை போட்டபோது, மலைக்கு மேற்கே மிசிசிப்பி வரை பிரிட்டன் தூக்கி அமெரிக்காவுக்குக் கொடுத்தது. தங்களுக்காகச் சண்டை போட்ட பழங்குடிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. பிரான்சும் அமெரிக்கர் பக்கம் சேர்ந்திருந்ததால், அதே போரின் கடைசிச் சண்டைகள் எங்கள் கடலூரில் நடந்தன, 1783 ஜூனில், தரையிலும் கடலிலும். பிரிட்டனும் பிரான்சும் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் செய்துகொண்டது இங்கே தெரியாது. ஜூன் கடைசியில் சேதி வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள், மங்களூர் முற்றுகையில் திப்புவோடு நின்ற பிரெஞ்சுப் படையும் அவரைப் பாதியில் விட்டு விலகிக்கொண்டது. இரோகுவாக்களைப் பிரிட்டன் இப்படிக் கைவிட்டதைப் படித்தபோது எனக்கு மங்களூர்தான் ஞாபகம் வந்தது.

நெய்வேலி_கலா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. செந்தில் சொன்னது எங்கள் பக்கத்து ஊர்க் கதை, இது எனக்குப் புதுசு. மலர்விழி, அமெரிக்கர் பக்கம் நின்ற ஒனைடாக்களுக்காவது ஏதாவது கிடைத்ததா?

மலர்விழி_தி:

வாக்குறுதி கிடைத்தது அக்கா. 1784-ல் அதே ஸ்டான்விக்ஸ் கோட்டையில் போட்ட ஒப்பந்தத்தில், உங்கள் நிலம் உங்களுக்கே என்று அமெரிக்க அரசு ஒனைடாவுக்கும் டஸ்கரோராவுக்கும் எழுதிக் கொடுத்தது. மறுவருஷமே நியூயார்க் மாநிலம் அவர்களிடம் நிலத்தை வாங்க ஆரம்பித்துவிட்டது. 1788-ல் பெரும்பகுதி போயிற்று. சுமார் 60 லட்சம் ஏக்கர் வைத்திருந்தவர்களிடம் இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் மிஞ்சியது 32 ஏக்கர். மோஹாக்குகளில் பலர் ஜோசப் பிராண்டோடு கனடாவில் கிராண்ட் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். இன்றும் அங்கே ஆறு இனத்தாரும் இருக்கிறார்கள். உங்கள் மகளிடம் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், பாடத்தில் எல்லாம் இறந்தகாலத்தில்தான் இருக்கும்.

விடுமுறையில் முடிந்தால் ராசெஸ்டர் பக்கம் விக்டர் என்ற ஊரில் உள்ள கனொண்டகனுக்கு அழைத்துப் போங்கள், பழைய செனெகா ஊர் இருந்த இடம். 1687-ல் பிரெஞ்சுப் படையெடுப்பில் அழிந்த ஊர் அது. மரப்பட்டையால் கட்டிய நீள்வீடு ஒன்றை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம். நியூஜெர்சியிலிருந்து காரில் அரை நாள் பயணம். கிளம்பும் முன் எந்த மாதங்களில் நீள்வீடு திறந்திருக்கும் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.