மறுமொழி: மின்னணுச் சுங்க வசூலுக்குக் கலைச்சொல்

> 'தானியங்கிச் சுங்க வசூல் முறை' என்று வைக்கலாமா? 'சுங்கம்' என்றால் சுங்கத்துறையோடு குழம்புமா?

வணக்கம்.

பொருள் சரிதான். ஆனால் சாலைத் திட்ட அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் வரப்போகிற சொல்லுக்கு இவ்வளவு நீளம் ஆகாது. 'மின்சுங்கம்' போதும்.

குழப்பம் வராது. துறைமுகத்துக்கும் சாலைக்கும் ஒரே சொல்லை ஆள்வது நமக்குப் பழைய வழக்கம். சங்க இலக்கியத்தில் சுங்கத்துக்குப் பெயர் 'உல்கு'. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் வாங்குவதும் 'உல்கு', பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகக் கூட்டம் போகும் பாதையும் 'உல்குடைப் பெருவழி'. சிங்கப்பூரில் 'மின்னியல் சாலைக் கட்டணம்' என்கிறார்கள். அது நெரிசலைக் குறைக்க வாங்குவது, அங்கே 'கட்டணம்' பொருத்தம். நம் சாவடிகளில் வாங்குவதைச் சுங்கம் என்றுதான் ஊரே சொல்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மின்சுங்கத்தில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் தனிப் பெயர் வேண்டும்.

2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் எல்லாத் தடங்களும் ஃபாஸ்டேக் தடங்கள். ஆனாலும் வண்டி வேகம் குறைத்து வந்து, முன்கண்ணாடியில் ஒட்டிய வில்லையைக் கருவி படித்து, தடுப்புக் கம்பி எழுந்த பிறகுதான் நகர்கிறது. இன்னொரு வகையில் சாவடியும் இல்லை, கம்பியும் இல்லை. சாலைக்கு மேலே குறுக்கே நிற்கும் சட்டத்தில் படிப்பானும் கேமராவும் இருக்கும். ஓடுகிற வேகத்திலேயே வில்லையையும் எண் பலகையையும் படித்துவிடும்.

திட்டமிடுபவருக்கு இந்த வேறுபாடு பெரிது. முதல் வகைக்குச் சாவடியருகே சாலையை அகலப்படுத்த நிலம் எடுக்க வேண்டும். இரண்டாவதற்கு அந்த நிலம் வேண்டாம். பதிலாக, பணம் கட்டாமல் போன வண்டியை எண்ணை வைத்துக் கண்டுபிடித்து வசூலிக்க ஏற்பாடு வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், நிலம் கொடுக்கப்போகிற ஊர்க்காரர் அறிக்கையைத் தமிழில் படித்தும் தன் வயல் போகுமா இருக்குமா என்று தெரியாமல் நிற்பார். அது நடக்கக் கூடாது.

எனவே என் முன்மொழிவு: பொதுப்பெயர் மின்சுங்கம். கம்பி உள்ளது 'சாவடி மின்சுங்கம்'. இல்லாதது 'இடைநில்லாச் சுங்கம்'. இடைநில்லாப் பேருந்தில் ஏறிப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. கண்ணாடியில் ஒட்டுவது 'சுங்கவில்லை'.

மேலே நிற்கும் சட்டத்துக்கு 'மேற்சட்டம்' என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. ஊர்ப்பெயர்ப் பலகை தாங்கும் சட்டத்தையும் அது குறித்துவிடுகிறது. பொறியாளர்கள் யாராவது களத்தில் புழங்கும் சொல் தெரிந்தால் எழுதுங்கள்.